படிக்கிறானா, பொழுதைப் போக்குகிறானா? போட்டித் தேர்வுக்குப் படிப்பவரின் முனைப்பை எதை வைத்து அளப்பது?

பொருநை (திருநெல்வேலி)

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 27 வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தான். அதை விட்டுவிட்டு இப்போது அரசு வேலைக்காகத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4, குரூப் 2 தேர்வுகளுக்குப் படிக்கிறான். எங்கள் வீடு அம்பாசமுத்திரம் பக்கம். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். பார்வை முன்போல் இல்லை. ஊசியில் நூல் கோக்க அம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் கல்யாணமாகித் திருநெல்வேலியில் இருக்கிறேன். என் சம்பளத்தில் ஒரு பகுதி மாதாமாதம் அவன் செலவுக்குப் போகிறது.

அவன் மனம் வைத்துப் படிக்கிறானா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? படிக்கிற பிள்ளையை முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்கிறார் சித்தப்பா. அம்மா, அறையில் விளக்கு எத்தனை மணி வரை எரிகிறது என்று பார்க்கிறார். அப்பா ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் அவன் சாப்பிட உட்கார்ந்தால் இவர் எழுந்து கடைக்குப் போய்விடுகிறார். எனக்குத் தெரிவதெல்லாம் அவன் கையில் இருக்கும் செல்பேசிதான். வகுப்புக் காணொளி பார்க்கிறேன் என்கிறான். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

போன தேர்வில் கட்-ஆஃபுக்குச் சில மதிப்பெண்கள் குறைந்துவிட்டன. ஒழுங்காகப் படித்திருந்தால் வந்திருக்கும் என்பது சித்தப்பாவின் தீர்ப்பு. படித்ததால்தான் அவ்வளவு பக்கத்தில் போனான் என்பது அம்மாவின் தீர்ப்பு. மதிப்பெண் ஒன்றுதான். இந்த நிலையில் இருந்தவர்களும், இப்படி ஒருவரை வீட்டில் வைத்திருந்தவர்களும் சொல்லுங்கள். அவனைச் சந்தேகிக்கவும் மனம் வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியவில்லை.

---

மருதநிலம் (தஞ்சாவூர் மாவட்டம்)

சகோதரி, நான் இப்போது கிராம நிர்வாக அலுவலர். 2022 குரூப் 4 தேர்வில் வந்தவன். அதற்கு முன்னால் ஊருக்கு நான் ‘படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிபவன்’. டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றால், ‘பரீட்சைக்குப் படிப்பவனுக்கு இங்கே என்ன வேலை’ என்பார்கள். பட்டியலில் பெயர் வந்த மறுநாள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், ‘இவன் அப்போதே ஒரு முடிவோடுதான் இருந்தான், எனக்குத் தெரியும்’ என்றார். என்னுடைய பழக்கவழக்கம் எதுவும் இடையில் மாறவில்லை. மாறியது பட்டியல் மட்டும்தான்.

அந்தத் தேர்வின் கணக்கைச் சொல்கிறேன், இதை உங்கள் சித்தப்பாவிடமும் சொல்லுங்கள். 2022 ஜூலை 24 அன்று நடந்த தேர்வை எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பணியிடங்கள் முதலில் ஏழாயிரத்துச் சொச்சம். பிறகு பத்தாயிரத்தைத் தாண்டியது. கூட்டிய பிறகும் ஏறத்தாழ 180 பேருக்கு ஓர் இடம். அந்த 180 பேரில் சும்மா எழுதிப் பார்க்க வந்தவர்கள் பலர் இருப்பார்கள், அவர்களைத் தள்ளிவிடுங்கள். உயிரைக் கொடுத்துப் படித்தவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் ஒன்பது பேர் வெளியேதான் நிற்க வேண்டும். அந்த ஒன்பது பேரையும் ‘படிக்கவில்லை’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

என்னோடு ஒரே அறையில் தங்கி, ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்த நண்பன் அந்த ஒன்பதில் ஒருவன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் புத்தகங்களில் எந்தப் பக்கத்தில் எந்தப் பெட்டிச் செய்தி இருக்கிறது என்று என்னைவிட நன்றாகச் சொல்வான். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். இரண்டு கேள்வி இப்படியோ அப்படியோ போனால் தரவரிசையில் ஆயிரக்கணக்கில் கீழே இறங்கிவிடுவீர்கள். நான் இந்தப் பக்கம் விழுந்தேன், அவன் அந்தப் பக்கம் விழுந்தான். ஊர் எங்கள் இருவரின் குணத்தைப் பற்றியும் தீர்ப்பு எழுதிவிட்டது.

ஆகவே தேர்வு முடிவை வைத்து மட்டும் அளக்காதீர்கள். வேறு எதை வைத்து அளப்பது என்பதை என்னைவிட விவரமானவர்கள் சொல்லட்டும்.

---

செங்கழனி (திண்டுக்கல்)

மருதநிலம் வேலையில் இருந்துகொண்டு பேசுகிறார். நான் மளிகைக் கடையில் இருந்துகொண்டு பேசுகிறேன். எங்கள் வீட்டிலும் என் தம்பி ஒருவன் படித்தான். ‘அவனைத் தொந்தரவு செய்யாதே’ என்று அம்மா சொல்லிச் சொல்லியே கடையின் மூட்டை எல்லாம் என் முதுகில் ஏறியது. கேள்வி கேட்டால் ‘என் மேல் நம்பிக்கை இல்லையா’ என்பான். விண்ணப்பம் போட்ட தேர்வுக்கே போகாமல் இருந்திருக்கிறான் என்பது வெகு நாள் கழித்துத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. அதற்குள் அம்மாவின் வளையல் அடகுக்கடையில் முழுகிவிட்டது.

பணம் கொடுக்கிறவர்களுக்குக் கேட்கிற உரிமை உண்டு. கேள்வியே கேட்காமல் விடுவதை அன்பு என்று சொல்லி வளர்த்ததால்தான் எங்கள் வீடு இந்தக் கதிக்கு வந்தது. பொருநை, உங்கள் அப்பா ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அதை முதலில் பாருங்கள்.

---

பொருநை

அண்ணா, அதைப் பார்த்ததால்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் நடந்ததைப் படித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் உங்கள் தம்பி தேர்வுக்கே போகவில்லை. என் தம்பி போனான், நெருங்கியும் வந்தான். இருவருக்கும் ஒரே சந்தேகம் பொருந்துமா என்பதுதான் என் குழப்பம்.

---

நூலகத்து மேசை (சென்னை)

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பிரிவில் தினமும் உட்காருகிறேன். முனைப்பு வெளியே எப்படித் தெரிகிறது, உள்ளே எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வருகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, நான்கு நிறப் பேனா, அடிக்கோடிட ஓர் அளவுகோல். இரவு வரை நாற்காலியை விட்டு நகர மாட்டார்கள். இவர்களில் சிலர் ஒரே பாடத்தை மறுபடியும் மறுபடியும் அழகான கையெழுத்தில் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார்கள். மாதிரித் தேர்வு என்றால் மட்டும் ‘இன்னும் பாடம் முடியவில்லை’ என்று தள்ளிப்போடுவார்கள். வீட்டில் யார் வந்து பார்த்தாலும் முதல் பரிசு இவர்களுக்குத்தான். இன்னொருவர் மதியம் வருவார், மாலையில் போய்விடுவார், நடுவில் வெளியே போய்ச் செல்பேசியில் பேசுவார். உணவு விநியோக வேலையையும் சேர்த்துப் பார்க்கிறவர். இருந்த நேரத்தில் ஒரு முழு வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதி முடித்துத் திருத்திவிட்டுத்தான் போவார். இவரைப் பார்த்தால் யாருக்கும் ‘படிக்கிறவர்’ என்று தோன்றாது.

நேரத்தை எண்ணுவது எளிது, அதனால் எல்லோரும் அதை எண்ணுகிறோம். களைத்த முகம், வளர்ந்த தாடி, பண்டிகைக்கு ஊருக்குப் போகாதது, நண்பன் கல்யாணத்தைத் தவிர்த்தது என்று கஷ்டப்படுவதன் அடையாளங்களைப் பார்த்தால் நமக்குத் திருப்தி. சிரித்துப் பேசிக்கொண்டே படிப்பவனை நம்ப மாட்டோம்.

இன்னொன்று. வீட்டில் இருப்பவர்களுக்குத் தேர்வாணையத்தின் நாள்காட்டி தெரிவதில்லை. 2019 செப்டம்பர் 1 அன்று ஒரு குரூப் 4 தேர்வு நடந்தது. அடுத்தது எப்போது? 2022 ஜூலை 24. நடுவில் கொரோனா. 2019 கடைசியில் படிக்கத் தொடங்கிய ஒருவர் எழுதுவதற்குக் குரூப் 4 தேர்வே இல்லாமல் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் காத்திருந்தார். வீட்டுக் கணக்கில் அது ‘மூன்று வருடமாகப் படிக்கிறான், ஒன்றும் கிழிக்கவில்லை’. வயது வரம்பைத் தாண்டிவிடுவார்கள் என்பதால் அரசே 2021-இல் உச்ச வயதை இரண்டு ஆண்டு உயர்த்த வேண்டியிருந்தது. எழுதிய தேர்வின் முடிவு வந்தது 2023 மார்ச் 24 அன்று. முழுதாக எட்டு மாதம். குரூப் 2 இன்னும் நீளம். முதல்நிலைத் தேர்வு 2022 மே மாதம், முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி, அதன் முடிவு 2024 ஜனவரி. இந்தக் காத்திருப்பு முழுவதும் தேர்வரின் சோம்பல் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

பொருநை, உங்கள் தம்பி எத்தனை வருடமாகப் படிக்கிறார் என்று கேட்பதோடு, அந்த வருடங்களில் எழுதுவதற்கு எத்தனை தேர்வுகள் இருந்தன, எத்தனையை எழுதினார் என்றும் கேளுங்கள். செங்கழனியின் வீட்டில் அந்த ஒரு கேள்வியே உண்மையைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்திருக்கும்.

---

தூறல் (கோயம்புத்தூர்)

ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு படிக்கச் சொல்லுங்கள். உண்மையான ஆர்வம் இருந்தால் வேலை பார்த்துக்கொண்டும் படிப்பான். இல்லையென்றால் தானாக விட்டுவிடுவான். இதைவிட நல்ல சோதனை இல்லை.

---

மருதநிலம்

வருமானத்துக்காக வேலைக்குப் போகச் சொல்வது சரி. வீட்டு நிலைமை அப்படியென்றால் போகத்தான் வேண்டும். ஆனால் அதை ஒரு ‘சோதனை’ என்று வைக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு வந்து தூங்கிப்போகிறவனைப் பார்த்து ‘பார்த்தாயா, ஆர்வமில்லை’ என்று முடிவு கட்டினால், நாம் அளந்தது அவன் உடம்பின் களைப்பை. வேலை வேண்டும் என்றால் வேலைக்காக அனுப்புங்கள். மனதை அறிவதற்காக அனுப்பாதீர்கள்.

---

முல்லைக்கொடி (விழுப்புரம்)

இதுவரை பேசியது எல்லாம் தம்பி, அண்ணன், மகன். மகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

ஆண்பிள்ளை வேலைக்குப் போகாமல் படித்தால் ‘எதற்காக இத்தனை நாள்’ என்று கேட்பார்கள். பெண் படித்தால் அந்தக் கேள்விகூட வராது. ‘கல்யாணம் ஆகும் வரை ஏதோ படிக்கட்டும்’ என்பார்கள். அவள் படிப்பை ஓர் இலக்கு என்றே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பிறகு அவளுடைய முனைப்பை எங்கே அளப்பது? கல்யாணத்துக்குப் பிறகு தலைகீழ். எனக்கு ஒரு குழந்தை. காலைச் சமையல், பள்ளிக்கு அனுப்புவது, துணி, மாமியாருக்கு மருந்து, எல்லாம் முடித்து மதியம் புத்தகத்தை விரித்தால் அது வேலைக்குக் கள்ளம். விரிக்காவிட்டால் ‘உனக்கு எங்கே அக்கறை இருக்கிறது, இருந்தால் படித்திருப்பாயே’. இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

எனக்கு விளக்கு எரிகிற அறை கிடையாது. சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் அரசியலமைப்புச் சட்டத்தின் அட்டவணைகள், அடுத்த வாரம் தனிவட்டி கூட்டுவட்டிச் சூத்திரங்கள். டப்பா எடுக்கத் திறக்கும்போதெல்லாம் ஒன்றைப் படிப்பேன். குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஒரு கணக்கு. இது யார் கண்ணுக்கும் படிப்பாகத் தெரியாது. நேரத்தை வைத்து அளந்தால் நான் தோற்றுப்போவேன். எதை விட்டுக்கொடுத்தாய் என்று அளந்தாலும் தோற்றுப்போவேன், ஏனென்றால் விட்டுக்கொடுக்க என்னிடம் ஓய்வு என்று ஒன்று இருந்ததே இல்லை.

ஒருவரின் முனைப்பை எடைபோடும் முன், அவர் கையில் இருந்த நேரம் எவ்வளவு, அதில் எவ்வளவை இதற்குக் கொடுத்தார் என்று பாருங்கள். பத்து மணி நேரம் சும்மா கிடைக்கிறவனின் ஆறு மணி நேரமும், ஒரு மணி நேரத்தைப் பிடுங்கி எடுக்கிறவளின் ஒரு மணி நேரமும் ஒரே தராசில் நிற்காது.

---

பொருநை

முல்லைக்கொடி அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நானும் ஒரு காலத்தில் இந்தத் தேர்வு எழுத விரும்பியவள்தான். அப்போது வீட்டில் யாரும் விளக்கைப் பார்க்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ‘அலமாரியில் ஒட்டினால் ஆவியில் காகிதம் கிழிந்துவிடாதா’ என்று மட்டும் கேட்டார்.

---

முல்லைக்கொடி

கிழியும். பழைய காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நீங்களும் எழுதலாம் தங்கச்சி, வயது இன்னும் இருக்குமே.

---

சிந்தை (திருச்சி)

கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். இங்கே பேசப்படும் பலவற்றை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இவை பொருநையின் வீட்டுக்கு நேராகப் பொருந்துகின்றன.

1988-இல் ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று ஒரு மருத்துவர் எடுத்த முடிவைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். மருத்துவர் அறிந்திருந்த தகவல் எல்லாம் ஒன்றுதான். நோயாளி பிழைத்தார் என்று முடித்தபோது முடிவு நல்லது என்றார்கள். இறந்தார் என்று முடித்தபோது அதே முடிவைக் குறைத்து மதிப்பிட்டார்கள். முடிவெடுத்த விதத்தை மட்டும் பாருங்கள் என்று கேட்டாலும் விளைவு மனதுக்குள் புகுந்துவிடுகிறது. மருதநிலத்தின் டீக்கடைப் பெஞ்சில் நடந்தது இதுதான்.

இரண்டாவது இன்னும் கசப்பானது. பெர்னார்ட் வெய்னர் என்பவர் வெற்றி தோல்விக்கு மனிதர்கள் என்ன காரணம் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். 1970-இல் அவரும் ஆண்டி குக்லாவும் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர் இடத்தில் இருந்து மாணவர்களுக்குப் பரிசும் தண்டனையும் கொடுக்கச் சொன்னார்கள். கடுமையாகத் தண்டிக்கப்பட்டது யார் தெரியுமா? திறமை இருந்தும் முயற்சி செய்யாதவன் என்று சொல்லப்பட்ட மாணவன். திறமை இல்லாமல் தோற்றவன் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. சின்ன வயதில் ‘கெட்டிக்காரன்’ என்று பெயர் எடுத்த பிள்ளைகளிடம் நம் குடும்பங்கள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கின்றன என்பதற்கு இதில் விடை இருக்கிறது. கணிதத்தில் பட்டம் வாங்கியவன் தோற்றால், ‘வேண்டுமென்றே படிக்கவில்லை’ என்பதுதான் முதலில் வாயில் வருகிறது.

இதற்கு மேல் சொல்வது என் சொந்தக் கருத்து. ‘படித்திருந்தால் வந்திருக்கும்’ என்பதில் சித்தப்பாவுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. உழைத்தால் கிடைக்கும் என்ற உலகம் அதில் அப்படியே நிற்கிறது. ‘நன்றாகப் படித்தும் கிடைக்காமல் போகலாம்’ என்று ஒப்புக்கொண்டால், அவர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கும் அத்தனையும் ஆட்டம் கண்டுவிடும். அந்தப் பயத்துக்கு விலையாக உங்கள் தம்பியின் நற்பெயர் போகிறது.

---

செங்கழனி

ஆராய்ச்சியை மறுக்கவில்லை. ஆனால் சிந்தை சொல்வதைக் கேட்டால் யாரையுமே எதுவும் சொல்ல முடியாது போலிருக்கிறதே. ஊர் தவறாக அளக்கிறது, வீடு தவறாக அளக்கிறது, தேர்வு முடிவும் தவறாக அளக்கிறது. பிறகு ஏமாற்றுகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது என் வீட்டில் நான் கண்ட உண்மை.

---

கரும்பலகை (மதுரை)

செங்கழனி கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை இருக்கிறது. போட்டித் தேர்வர்களுக்குப் பாடம் எடுக்கிறேன், பெரும்பாலும் கட்டணம் இல்லாத வகுப்புகளில். மதிப்பெண்ணைப் பற்றி முதலில் ஒன்று: 2019 குரூப் 4 தேர்வில் தரவரிசையின் உச்சியில் நின்றவர்களில் பலர் ராமேஸ்வரம், கீழக்கரை என்ற இரண்டே மையங்களில் எழுதியவர்கள். பட்டியல் வந்தபோது அவர்களையும் ஊர் கொண்டாடியிருக்கும். 2020 ஜனவரியில் 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. அழியும் மையில் எழுதி, விடைத்தாளைப் பிறகு திருத்திய மோசடி. பட்டியலில் பெயர் இருப்பதே உழைப்புக்குச் சான்று ஆகிவிடாது.

இப்போது விடை. மாதிரித் தேர்வு எழுதியதற்குப் பிறகு அந்த மாணவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நான் முகத்தைப் பார்ப்பதில்லை, நேரத்தைக் கேட்பதில்லை. தவறிய கேள்விகளின் நோட்டைக் கேட்பேன்.

குரூப் 4 தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஒருவர் வீட்டில் உட்கார்ந்து இதைக் கடிகாரம் வைத்து எழுதுகிறார், 140 சரி, 60 தவறு என்று வையுங்கள். அந்த 60-ஐ என்ன செய்தார்? மனம் வைத்துப் படிப்பவரின் நோட்டில் அந்த 60-உம் பிரிந்து கிடக்கும். இவை படிக்காத பாடம். இவை படித்து மறந்தது. இவை தெரிந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காமல் விட்டது. ‘பொருந்தாதது எது’ என்பதைப் ‘பொருந்துவது’ என்று படித்தது. இவை நேரம் போதாமல் கண்ணை மூடிக்கொண்டு வட்டமிட்டது. அடுத்த மாதத் தேர்வில் இந்தப் பிரிவுகளில் ஏதாவது ஒன்றாவது சுருங்கியிருக்கும். மதிப்பெண் கூடாமலே இருந்தாலும் தவறுகளின் குணம் மாறியிருக்கும். ‘மறந்தது’ குறைந்து ‘நேரம் போதாதது’ கூடியிருந்தால் அவர் நகர்ந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

என் வகுப்பில் ஒரு பெண்ணின் நோட்டில் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) கணக்குகள் ஒரு முழுப் பக்கம். தவறிய ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் சிவப்பில், எந்த வரியில் வழுக்கியது என்று ஓர் அம்புக்குறி. அம்பு பெரும்பாலும் ஒரே இடத்தைக் காட்டியது: பகா எண்களாகப் பிரிக்கும்போது 51-ஐயும் 91-ஐயும் பகா எண் என்று விட்டுவிடுகிறார். அதை அவரே கண்டுபிடித்து அட்டையில் எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு அவருடைய முனைப்பைப் பற்றி எனக்கு வேறு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. முடிவு எப்படி வந்தாலும் என் கருத்து மாறாது.

பாசாங்கு செய்பவர்களால் நேரத்தைக் காட்ட முடியும், களைப்பைக் காட்ட முடியும், புதுப்புதுப் புத்தகங்களைக் காட்ட முடியும். தவறுகளின் நோட்டைக் காட்டுவது கடினம். தன் தவறை நாள்தோறும் உட்கார்ந்து பார்ப்பது வலிக்கும் வேலை. அந்த இலக்கு உண்மையிலேயே வேண்டாதவர் அந்த வலியைத் தாங்க மாட்டார்.

இன்னொரு அடையாளம் உண்டு. அவரிடம் ‘எதை விட்டுவிட்டாய்’ என்று கேளுங்கள், பாடத்தில். எல்லாவற்றையும் படிக்கிறேன் என்பவரைவிட, ‘இந்தப் பகுதியில் கேள்வி குறைவாக வருகிறது, அதற்குக் கொடுக்கும் நேரத்தைத் திறனறிவுக்கு மாற்றினேன்’ என்று காரணத்தோடு சொல்பவர் தேர்வோடு வாழ்கிறார்.

---

செங்கழனி

இது எனக்குப் புரிகிறது. சரக்கு இருப்புப் பார்க்கிற மாதிரி ஒரு கணக்கு. எங்கள் அம்மாவிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் ஒன்றில் நான் இறங்கி வர மாட்டேன்: முனைப்பு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மட்டும் காலவரையறை இல்லாமல் போய்விடாது. உண்மையாகப் படிக்கிறவனுக்கும் ஒரு தேதி வேண்டும். வீட்டின் பணம் தீர்ந்துபோவதற்கும் அவனுடைய நேர்மைக்கும் சம்பந்தம் இல்லை.

---

சிந்தை

இதில் செங்கழனியோடு முழுமையாக உடன்படுகிறேன். நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். ‘இனிமேல் செலவுக்குக் கொடுக்க முடியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, ‘நீ ஒழுங்காகப் படிக்கவில்லை’ என்கிறோம். முதலாவது கஷ்டமான செய்தி. இரண்டாவது அவமானம். அந்த அவமானம் வேலை கிடைத்த பிறகும் போகாது.

---

நூலகத்து மேசை

போகாது. என் பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் இப்போது வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர். ஆணை வந்த அன்று வீட்டில் இனிப்பு கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என்னிடம், ‘போன வருடம் இதே கூடத்தில் என்ன சொன்னார்கள் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது’ என்றார்.

---

பொருநை

ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் போயிருந்தேன். தம்பியிடம் நேரடியாகவே கேட்டேன், சோதிப்பது போல இல்லாமல். ‘மாதிரித் தேர்வு எழுதுகிறாயா, தவறியதை எங்கே வைத்திருக்கிறாய், எனக்கும் காட்டு’ என்றேன். முதலில் முகம் மாறியது. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தான். வினாத்தாள்கள், வட்டமிட்டு விடை குறிக்கும் ஓ.எம்.ஆர். மாதிரித் தாள்கள். எழுதிய தேதி எல்லாவற்றிலும் இருந்தது. கணக்கில் கிட்டத்தட்ட எல்லாம் சரி. தமிழ்ப் பகுதியில் இலக்கணம் தவிர மற்றதில் நிறையத் தவறுகள், அவை பிரிக்கப்படாமல் அப்படியே கிடந்தன. ‘தமிழைத் திரும்பப் பார்க்கவே பயமாக இருக்கிறது அக்கா, அதில்தான் போனது’ என்றான். பள்ளியில் அவன் படித்தது ஆங்கில வழி.

கரும்பலகை ஐயா சொன்னபடி பார்த்தால் பாதி நோட்டு இருக்கிறது, பாதி இல்லை. இதை நான் ‘படிக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்தது. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

பணத்தைப் பற்றி அப்பா முன்னாலேயே பேசினோம். அடுத்த குரூப் 4 தேர்வு வரை நான் கொடுப்பேன். அதற்குப் பிறகு அவன் மாலை நேரத்தில் கணக்கு டியூஷன் எடுப்பான், படிப்பைத் தொடர்வதும் விடுவதும் அவன் முடிவு. அவன் உடனே ஒப்புக்கொண்டான். டியூஷனை இப்போதே தொடங்குகிறேன் என்றான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்களாம். சித்தப்பாவிடம் 180 பேருக்கு ஓர் இடம் என்ற கணக்கைச் சொன்னேன். ‘அந்த ஒருவனாக இருக்க வேண்டியதுதானே’ என்றார். அவரை மாற்ற முடியாது.

கரும்பலகை ஐயா, ஒரு கேள்வி. தமிழ்ப் பகுதிக்கு அவனுக்கு யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் நல்லது. கட்டணம் கட்டுகிற நிலையில் நாங்கள் இல்லை. திருநெல்வேலியில் எங்கே போகலாம்?

---

கரும்பலகை

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று நடத்துகிறார்கள். எல்லா மாவட்டங்களிலும் உண்டு. போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு, மாதிரித் தேர்வும் வைப்பார்கள். அடுத்த அணி எப்போது தொடங்குகிறது என்று நேரில் போய்க் கேளுங்கள், தொலைபேசியில் சரியாகத் தெரியாது. மாவட்ட மைய நூலகத்திலும் போட்டித் தேர்வுப் பிரிவு இருக்கும். கூடப் படிப்பவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

தமிழுக்கு ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், பத்தாம் வகுப்பிலிருந்து வேண்டாம். ஆங்கில வழியில் படித்தவர்கள் நேராகப் பத்தாம் வகுப்புச் செய்யுளைத் திறந்து பயந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு இயலிலும் பாடங்களோடு இருக்கும் ‘சொல்லும் பொருளும்’, ‘நூல்வெளி’ பகுதிகளை முதலில் முடிக்கட்டும். பழைய வினாத்தாள்களில் தவறிய தமிழ்க் கேள்விகளை எந்த வகுப்பு, எந்த இயல் என்று மட்டும் குறித்து வரச் சொல்லுங்கள். அதை எனக்கு அனுப்பினால் எங்கே தொடங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.

---

பொருநை

இன்றே சொல்கிறேன் ஐயா. செவ்வாய்க்கிழமை எனக்கு அரை நாள் விடுப்பு இருக்கிறது. அவனை வரச் சொல்லி வேலைவாய்ப்பு மையத்துக்கு இருவருமாகப் போகிறோம். எனக்கும் ஒரு விண்ணப்பம் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.